கார்பன் குழாய் நசுங்காமல் வெடித்துவிட்டது. எங்கே தப்பு?

முன்மூக்கு எழுதியது:

வணக்கம். குரோம்பேட்டை பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ஃபார்முலா ஸ்டூடன்ட், அதாவது மாணவர்களே கட்டும் பந்தயக் கார்களுக்கான போட்டி, அதற்குக் கார் கட்டும் அணியில் இருக்கிறேன். ஜனவரியில் கோயம்புத்தூரில் போட்டி. காரின் முன்மூக்கில் வரும் இம்பாக்ட் அட்டென்யூவேட்டர், அதாவது மோதினால் முதலில் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டிய பாகம், என் பொறுப்பு.

விதி இதுதான்: 300 கிலோ வண்டி நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் சுவரில் மோதுகிறது என்று வைத்துக்கொண்டால், குறைந்தது 7350 ஜூல் வாங்க வேண்டும். சராசரி வேகக்குறைவு 20 ஜி (புவியீர்ப்பைப் போல் 20 மடங்கு) தாண்டக்கூடாது, உச்சம் 40 ஜி தாண்டக்கூடாது. யூடிஎம்மில் (பாகத்தை அமுக்கி லோட் அளக்கும் சோதனை இயந்திரம்) மெதுவாக அமுக்கிக் காட்டினாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

சீனியர்கள் எல்லாரும் ரெடிமேட் ஃபோம் வைத்துப் போய்விட்டார்கள். இந்த வருஷம் கார்பனில் செய்யலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். ஒரு கிலோவுக்கு வாங்கும் சக்தியில் கார்பன், அலுமினியத்தைவிட இரண்டு மூன்று மடங்கு என்று எல்லாக் கட்டுரையிலும் போட்டிருக்கிறதே, அந்த தைரியம்.

முதல் குழாய்: 60 மி.மீ. விட்டம், 3 மி.மீ. சுவர், 220 மி.மீ. நீளம். பிவிசி பைப்பின் மேல் ஒருதிசை கார்பன் துணி பத்து அடுக்கு, கையாலேயே ரெசின் தடவி, மேலே ஷ்ரிங்க் டேப் சுற்றினோம். அமுக்கு நீளவாக்கில்தானே வருகிறது என்று பத்து அடுக்கையும் நீளவாக்கிலேயே போட்டோம். இரண்டு முனையையும் சதுரமாக, சுத்தமாக வெட்டினோம்.

போன செவ்வாய்க்கிழமை கல்லூரி யூடிஎம்மில் வைத்தோம். லோட் ஏறிக்கொண்டே போனது. 131 கிலோநியூட்டன். நான்கு மி.மீ.தான் இறங்கியிருக்கும், தீபாவளி அணுகுண்டு மாதிரி ஒரு சத்தம். குழாய் நடுவில் நீளநீளமாகப் பிளந்து நின்றது. லோட் 9-க்கு விழுந்துவிட்டது. 60 மி.மீ. வரை போய்ப் பார்த்து நிறுத்தினோம். மொத்தம் 800 ஜூல்தான் தேறியது. பக்கத்திலேயே அமுக்கிய 2 மி.மீ. அலுமினியக் குழாயோ அழகாக மடிந்து மடிந்து, 25 கிலோநியூட்டனிலேயே நிதானமாக இறங்கியது.

சுவரைக் கனமாக்கச் சொல்கிறார் எங்கள் கைடு. ப்ரீப்ரெக் (ரெசின் ஊறியே வரும் கார்பன் துணி) வாங்கினால் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். எது சரி?

---

பட்டாபிராம் ரைடர் எழுதியது:

கார்பன் கண்ணாடி மாதிரி. தாங்கும் வரை தாங்கும், உடைந்தால் மொத்தமாகப் போகும். பிஎம்டபிள்யூ ஐ3 காரையே பாருங்கள். ஆட்கள் உட்காரும் கூண்டு மட்டும்தான் கார்பன். முன்னால் நசுங்க வேண்டிய இடத்தில் அலுமினியம். அவர்களுக்குத் தெரியாததா? காசையும் நேரத்தையும் வீணாக்காமல் அலுமினியத்துக்குப் போங்கள்.

---

தட்டு நடுவுல வை எழுதியது:

தம்பி, அம்பத்தூரில் ஒரு சோதனைக்கூடத்தில் 27 வருஷம் யூடிஎம் முன்னால் நின்றவன் நான். இப்போது ஓய்வு. பெரிய படிப்பு இல்லை, டிப்ளமோதான். ஆனால் கார்பன், கிளாஸ் ஃபைபர், கெவ்லார் என்று நசுக்கிய குழாய்களை எண்ணி முடியாது. உங்கள் கதையைப் படித்ததும் முனை சதுரமாக வெட்டியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வரியிலேயே நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பந்தல்காரர் மூங்கில் முளை அடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சம்மட்டி விழ விழ, அடி வாங்கும் தலை மட்டும் நார் நாராகப் பிரிந்து வெளியே சுருளும். கீழே முளை முழுசாக நிற்கும். கார்பன் குழாய் நசுங்க வேண்டிய விதமும் அதுதான். ஒரு முனையில் ஆரம்பித்து, மி.மீ. மி.மீ.யாக, அந்த முனை மட்டும் உடைந்துகொண்டே வர வேண்டும். மீதிக் குழாய்க்கு விஷயமே தெரியக்கூடாது.

அலுமினியம் மடிவது ஆர்மோனியத் துருத்தி மாதிரி. உலோகம் வளையும்போது சக்தியைத் தின்கிறது, உடைவதில்லை. கார்பனும் எபாக்ஸி ரெசினும் அப்படி வளையாது. அது சக்தியைத் தின்பதே உடைவதால்தான். சுவர் நடுவில் பிளக்கிறது. உள்பாதி உள்ளே சுருள்கிறது, வெளிப்பாதி வெளியே சுருள்கிறது, இரண்டுக்கும் நடுவில் தூள் ஆப்பு மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. அடுக்குக்கு அடுக்கு ரெசின் பிரிகிறது. நார் வளைந்து முறிகிறது. இத்தனைக்கும் மேலே, பிரிந்த நாரெல்லாம் யூடிஎம் தட்டின் மேல் தேய்கிறது. இந்தத் தேய்மானத்தை யாரும் பெரிதாக எண்ண மாட்டார்கள், ஆனால் வாங்கும் சக்தியில் நல்ல பங்கு அதற்குத்தான். ஒருமுறை மேல் தட்டில் எண்ணெய் துடைக்காமல் அமுக்கி, லோட் குறைவாக வந்து, ரெசின் பேட்சையே சந்தேகப்பட்டு ஒரு நாள் போனது. அன்றிலிருந்து தட்டை அசிட்டோன் போட்டுத் துடைக்காமல் நான் குழாய் வைத்ததில்லை.

உங்கள் குழாயில் என்ன நடந்தது? முனை சதுரம். எங்கே ஆரம்பிப்பது என்று குழாய்க்குச் சொல்லவில்லை. முழு நீளமும் ஒரேயடியாகச் சுமை ஏற்றுக்கொண்டு, எங்கே பலவீனமோ அங்கே, உங்கள் விஷயத்தில் நடுவில், விட்டுக்கொடுத்தது. அதனால் முனையைச் சீவ வேண்டும். வெளிப்பக்கமாக 45 டிகிரி, சுவர்க் கனம் முழுக்க, பேனாக் கத்தியால் சீவிய பென்சில் மாதிரி. கூர்ப்பான அந்த விளிம்பு சின்ன லோடிலேயே நொறுங்க ஆரம்பிக்கும், நொறுங்கல் அப்படியே கீழே இறங்கும். இதை டிரிகர் என்பார்கள். சேம்ஃபர், டூலிப் பூ மாதிரி கூர்கூராக வெட்டுவது என்று வகை வகையாக உண்டு. உங்களுக்கு சேம்ஃபர் போதும்.

சீவுவது எப்படி என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கையில் பிடித்து கிரைண்டரில் காட்டாதீர்கள். குழாய்க்குள் மரக்கட்டை ஒன்றை இறுக்கமாகத் திணித்து, லேத்தில் பிடித்து, மெதுவாகச் சுற்றவிட்டு, 45 டிகிரிக்கு ஒரு பலகையில் ஒட்டிய 80 நம்பர் உப்புத்தாளைக் காட்டுங்கள். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள், கையுறையோடு. ஒரு இடத்தில் உயரம் தட்டினால் குழாய் அந்தப் பக்கம்தான் முதலில் லோட் வாங்கும், சாயும். சீவிய முனை இறங்கும் தட்டுப் பக்கம். மறுமுனை சதுரமாகவே இருக்கட்டும்.

இரண்டாவது தப்பு, பத்து அடுக்கும் நீளவாக்கு. உலக்கைக்குப் பூண் எதற்கு? பூண் இல்லாவிட்டால் மரம் நீளவாக்கில் பிளந்துபோகும், அதற்குத்தான். உங்கள் குழாய்க்குப் பூணே இல்லை. நீளவாக்கு நார் சுமை தாங்கும், ஆனால் பக்கத்து நாரிலிருந்து அதைப் பிரிக்காமல் பிடித்திருப்பது வெறும் ரெசின். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று சுற்றுவாக்கில் போட்டு, நடுவில் எட்டை நீளவாக்கில் விடுங்கள். சுற்று அதிகமானாலும் நல்லதல்ல. நீளவாக்கு நார் குறைந்துபோய், சுமை தாங்க ஆள் இல்லாமல் போகும்.

கைடு சொன்னதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 ஜி என்பது 300 கிலோவுக்குச் சுமார் 118 கிலோநியூட்டன். நீங்கள் ஏற்கெனவே 131. சுவரைக் கனமாக்கினால் உச்சம் இன்னும் ஏறும், வெடிப்பும் இன்னும் பெரிதாகும். ப்ரீப்ரெக்கும் இந்த நோய்க்கு மருந்து இல்லை. நல்ல துணியில் தப்பான முனை வெட்டினால் இன்னும் பலமாக வெடிக்கும், அவ்வளவுதான்.

சரியாக நசுங்கும் கார்பன்-எபாக்ஸி குழாய் கிலோவுக்கு 50 கிலோஜூல் வாங்கினால் கையால் செய்ததற்கு நல்ல வேலை. அலுமினியம் 20, 25 என்று நிற்கும். எபாக்ஸிக்குப் பதில் பீக் என்ற தெர்மோபிளாஸ்டிக்கில் ஊறிய கார்பன் குழாய் 180 வரை போயிருக்கிறது, அது நம் பையில் இல்லாத காசு. 50-க்கு உங்கள் குழாயைப் போடுங்கள்: சுவரின் வெட்டுப்பரப்பு சுமார் 565 சதுர மி.மீ., அடர்த்தி 1.5, சராசரி லோட் 42 கிலோநியூட்டன் வரும். 20 ஜி வரம்பு கிட்டத்தட்ட 59, அதற்குள் இருக்கிறீர்கள். 7350 ஜூலுக்கு 175 மி.மீ. நசுங்க வேண்டும். நசுங்கிய பாகத்தின் எடை கிட்டத்தட்ட 150 கிராம். அதாவது உங்கள் குழாயின் அளவில் தப்பே இல்லை.

பட்டாபிராம் நண்பர் சொன்னதில் ஐ3 விவரம் சரி. ஆனால் அதிலிருந்து அவர் போன முடிவுக்கு நான் போக மாட்டேன். சாலையில் ஓடும் காருக்கு விலை, பழுது, இன்ஷூரன்ஸ் என்று ஆயிரம் கணக்கு. அலுமினியம் அடிபட்டால் நெளிவு கண்ணுக்குத் தெரியும், கார்பனில் அடுக்கு உள்ளே பிரிந்திருந்தாலும் மேலே பளபளவென்று இருக்கும். பந்தயக் காரில் அந்தக் கவலை இல்லை, அடிபட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டுவார்கள். 1981-ல் மெக்லாரன் தன் ஃபார்முலா 1 கார் எம்பி4/1-ஐ முதல் கார்பன் மோனோகாக்கோடு (ஓட்டுநர் உட்காரும் ஒரே கூடான உடல்) இறக்கியபோதும் இதே பேச்சுதான், கார்பன் தூளாகிவிடும் என்று. அதே வருஷம் இத்தாலியில் மோன்ஸா பந்தயத்தில் அந்தக் காரை ஓட்டிய ஜான் வாட்சன் மோதினார். என்ஜின் தனியே பிய்ந்து போனது, மனிதர் எழுந்து நடந்து வந்தார். அப்புறம் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

ஒன்று மறக்காதீர்கள். கார்பன் தூளில் மின்சாரம் பாயும். ஒருமுறை மறைப்பு வைக்காமல் நசுக்கிவிட்டு, மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால் பவர் சப்ளை பட்டென்று போய்விட்டது. ஃபேன் முழுக்க கறுப்புத் தூள். லோட் செல் ஆம்ப்ளிஃபையர் தப்பியது என் அதிர்ஷ்டம். சுற்றிலும் பாலிகார்பனேட் தடுப்பு, பக்கத்தில் வாக்யூம் கிளீனர், முகத்துக்கு நல்ல மாஸ்க். கைலியும் அரைக்கைச் சட்டையுமாக நிற்காதீர்கள். முழங்கையில் ஏறிய சிலும்பு ஒன்று எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே வந்தது.

---

முன்மூக்கு எழுதியது:

ரொம்ப நன்றி சார். தம்பி இல்லை, தங்கச்சி. :)

உலக்கைப் பூணை அணியில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், இப்போது சுற்றுவாக்கு அடுக்கின் பெயரே பூண் ஆகிவிட்டது. இரண்டு சந்தேகம். யூடிஎம் நிமிடத்துக்குச் சில மி.மீ.தான் இறங்குகிறது. நிஜ மோதல் நொடிக்கு 7 மீட்டர். இரண்டும் ஒன்றாகுமா? அடுத்தது, ஒரு குழாய் போதுமா, நாலு சின்னக் குழாய் வைக்கலாமா?

---

திருமுடிவாக்கம் லேமினேட் எழுதியது:

ஒரு சின்ன கடை வைத்திருக்கிறேன், படகு, தண்ணீர்த் தொட்டி, எப்போதாவது கார்பன். நசுக்கும் விஷயம் சார் சொல்லிவிட்டார். நான் ரெசின் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

எப்போது லே-அப் (துணியை அடுக்கி ரெசின் தடவுவது) செய்தீர்கள்? நவம்பர் மழையிலா? நம் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் காற்றில் ஈரம் அடித்துக்கொண்டிருக்கும்போது, அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸி மேல் பிசுபிசுப்பாக ஒரு படலம் விடும். ரெசினை இறுக்கக் கலக்கும் ஹார்டனர் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து விடும் படலம் அது. நேற்று ஐந்து அடுக்கு போட்டு இறுகவிட்டு, இன்று அதன் மேலேயே மீதி ஐந்து போட்டால், நடுவில் அந்தப் படலம் உட்கார்ந்துவிடும். அமுக்கினால் அங்கேதான் உரியும், வெங்காயத் தோல் மாதிரி. பத்தையும் ஒரே மூச்சில் போடுங்கள். முடியாவிட்டால் மேலே பீல் ப்ளை என்ற உரித்தெடுக்கும் துணியைப் போட்டு, மறுநாள் அதை உரித்துவிட்டு, அப்புறம் மேலே போடுங்கள்.

அடுத்தது சூடு. வெறும் அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி, வெயிலில் கறுப்புப் பாகம் கொதிக்கும்போது இளகிவிடும். இளகிய ரெசின் நாரைப் பிடிக்காது, லோட் விழும். அதனால் போஸ்ட்-க்யூர், அதாவது இறுகிய பிறகு சூட்டில் வைப்பது, கட்டாயம். ஓவன் இல்லையா? ப்ளைவுட்டில் ஒரு பெட்டி அடித்து, உள்ளே தெர்மோகோல் ஒட்டாமல் (உருகிவிடும், அனுபவம்) ராக்வூல் வைத்து, நாலு 100 வாட் குண்டு பல்பு போட்டு, சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று தொங்கவிடுங்கள். எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்பது உங்கள் ரெசின் டப்பாவின் டேட்டா ஷீட்டில் இருக்கும். மெதுவாக ஏற்றுங்கள், பிவிசி பைப்பை அதற்கு முன்பே உருவிவிடுங்கள். பைப் சூட்டில் வளைந்தால் குழாயும் வளையும்.

ரெசின், ஹார்டனர் கலவையைத் தராசில் எடை போடுங்கள். கப்பில் கண் மதிப்பு வேண்டாம். இதைச் சொன்னால் எல்லாருக்கும் கோபம் வருகிறது.

---

தட்டு நடுவுல வை எழுதியது:

சரிம்மா, தங்கச்சி என்றே வைத்துக்கொள்கிறேன்.

வேகம்: ஒன்றாகாது. வேகம் கூடினால் தேய்மானம் மாறும், ரெசின் நடந்துகொள்வதும் மாறும். சில குழாய்க்கு வேகத்தில் கூடும், பலதுக்குக் குறையும், ரெசினையும் அடுக்கையும் பொறுத்தது. விதி மெதுவான சோதனையை ஏற்றுக்கொள்கிறது என்பதற்காக 7350-ஐ ஒட்டி நிறுத்தாதீர்கள். கால்வாசி கூடுதலாக வாங்கும்படி நீளம் விடுங்கள். முழு நீளமும் நசுங்காது என்பதும் நினைவிருக்கட்டும். உள்ளே விழும் தூள் அடைத்துக்கொண்டால் கடைசியில் லோட் சுவர் மாதிரி ஏறும்.

ஒன்றா நாலா என்பதற்கு விதிப் புத்தகத்தை எடுங்கள். அட்டென்யூவேட்டர் பல்க்ஹெட்டுக்கு (கார்ச் சட்டத்தின் முன்முனைக்கு) முன்னால் 200 மி.மீ. நீளத்துக்கு, 100 மி.மீ. உயரமும் 200 மி.மீ. அகலமும் இருக்க வேண்டும். 60 மி.மீ. குழாய் ஒன்று தனியாக அதில் தேறாது. அதை ஒரு பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. சுவர் என்று நாலு குழாயை மூலைக்கு ஒன்றாக நிறுத்தினால் வெட்டுப்பரப்பு 600 சதுர மி.மீ., 45 கிலோநியூட்டன் கணக்கு வரும். சுவர் மெல்லிசானால் கிலோவுக்கு வாங்குவது மாறும், ஒன்றை மட்டும் முதலில் நசுக்கிப் பாருங்கள். நாலு தனிக்குழாய் அந்த 200க்கு 100 பெட்டியாகக் கணக்கில் வருமா என்று விதிக்குழுவுக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். போட்டியில் காரைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினி அன்று கேட்டால் வம்பு. சதுரப் பெட்டியாக ஒரே துண்டு செய்யலாம் என்று யோசனை வரும். சதுரத்தில் மூலைகள்தான் வேலை செய்யும், தட்டையான பக்கம் சும்மா வளைந்துவிட்டுப் போகும். வட்டம் பொதுவாகக் கிலோவுக்குக் கூடுதல்.

பின்னால் வரும் தட்டும் சோதனையில் சேர்த்திதான். 4 மி.மீ. அலுமினியமோ 1.5 மி.மீ. ஸ்டீலோ, அது 25 மி.மீ.க்கு மேல் நிரந்தரமாக வளைந்தால் எல்லாம் வீண்.

---

முன்மூக்கு எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். நடுவில் இரண்டு நாள் மழைக்குக் கல்லூரி லீவு, ஒர்க்‌ஷாப்பில் கணுக்கால் தண்ணீர்.

பழைய அளவிலேயே புதுக் குழாய். பூண், எட்டு, பூண். எல்லாம் ஒரே ராத்திரியில். பல்புப் பெட்டியில் போஸ்ட்-க்யூர். முனையை லேத்தில் சீவினோம். இரண்டு தடவை சரியாக வரவில்லை, விரலில் மேடு தட்டியது, மூன்றாவது தடவைதான் விட்டேன். தட்டை அசிட்டோனில் துடைத்தேன். (லேப் அண்ணன் இதற்கு ஏன் அசிட்டோன் வீணாக்குகிறாய் என்றார்.)

உச்சம் 58 கிலோநியூட்டன். அப்புறம் கொஞ்சம் இறங்கி, 39-ஐச் சுற்றியே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, 150 மி.மீ. வரைக்கும். சத்தமே வேறு. வெடிக்கவில்லை, அப்பளத்தை யாரோ விடாமல் மென்று தின்கிற மாதிரி. கீழே குழாய் அப்படியே நிற்க, மேலே கறுப்பு நார் பூ மாதிரி விரிந்துகொண்டே வந்தது. கணக்கில் 5.8 கிலோஜூல், கிலோவுக்கு 46. பார்க்க வந்த கைடு ஒன்றும் சொல்லவில்லை, ஃபோனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

150 தாண்டியதும் லோட் ஏற ஆரம்பித்தது, 70 ஆனதும் நிறுத்திவிட்டோம். விதிக்குழுவுக்கும் எழுதியாகிவிட்டது, பதில் வரவில்லை. குழாயை வீட்டுக்கு எடுத்துப் போனேன். எங்கே இவ்வளவு தேய்ந்த துடைப்பம் வாங்கினாய் என்று அம்மா கேட்கிறார்கள்.

---

தட்டு நடுவுல வை எழுதியது:

46 நல்ல எண். 150-க்கு அப்புறம் ஏறியது உள்ளே அடைத்த தூள். குழாயைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள், கட்டியாக விழும். அடுத்ததுக்கு அடித்தட்டில் குழாயின் உள்விட்டத்துக்கு ஒரு ஓட்டை போடுங்கள், தூள் கீழே போகட்டும். ஆனால் காரில் அந்தத் தட்டு முழுசாக இருக்க வேண்டிய தட்டு, அங்கே ஓட்டை போட முடியாது. அதனால் ஓட்டை போட்டு ஒன்று, போடாமல் ஒன்று நசுக்குங்கள். காருக்கு நீளம் கணக்குப் போடும்போது ஓட்டை இல்லாததன் எண்ணை எடுங்கள். இரண்டு கிராஃபையும் இங்கே போட்டால் பார்க்கிறேன்.

அந்தத் துடைப்பத்தைப் பையில் கட்டி வையுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் தொடவிடாதீர்கள்.